ஆறு மணி யாபர்

யாபர் என்று எங்கள் பக்கத்து ஆண்கள் சொன்னால், பெண்கள் பேசுகிறார்கள் என்று அர்த்தம். தொட்டிலில் கிடக்கிற குழந்தை வாயில் வந்ததை உளறினால் அதுவும் யாபர்தான். மாலையில் வேலிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து காக்கட்டூப் பறவைகள் காது கிழியக் கத்துமே, அதுவும் யாபர்தான். ஆனால் இதே ஆண்கள் மதுக்கடைப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரே ஒரு காளையின் விலையைப் பற்றி விளக்கு அணைக்கிறவரை பேசுவார்கள். அதற்குப் பெயர் ஆலோசனையாம். இந்த நியாயத்தோடு எத்தனை வருஷம் மல்லுக்கு நிற்பது? அந்தச் சொல்லையே எடுத்து வைத்துக்கொண்டேன். "ஆமா, யாபர்தான். அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

என் பெயர் வெர்னா ஹாட்ரிக். குவீன்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில், சாலை தேய்ந்து தேய்ந்து வெறும் சக்கரத் தடமாகிவிடும் இடத்தில் இருக்கிறது எங்கள் மாட்டுப் பண்ணை. மின்டரா என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரி அறுபது மைலுக்கு அப்பால் இருக்கிறாள். சர்க்கரை தீர்ந்துவிட்டால் கிண்ணத்தோடு போய் நிற்க முடியாது. ஆனால் எல்லார் சமையலறையிலும் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோப் பெட்டி உண்டு. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், பேசி முடித்தால் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். பகலில் நகரத்து ரேடியோத் தளத்திலிருந்து தந்தி, வானிலை, டாக்டருக்கு வைத்தியச் செய்தி எல்லாம் ஓடும். மாலை ஆறு மணிக்கு அதெல்லாம் முடிந்து, காற்று, அதாவது அலைவரிசை, எங்களுக்கு வரும். ஒரு மணி நேரம். யாபர் நேரம்.

மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஊர். அதுதான் கடைத்தெரு, அதுதான் கோயில் வாசல். என் கணவன் கிளெம் நல்ல மனுஷன், ஆனால் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒரு குதிரைக்கு லாடம் அடித்துவிடுவான். மாடு ஏற்ற லாரி வருகிற நாள் தவிர மற்ற நாட்களில் மனித முகம் என்றால் அவன் முகம்தான். ஆறு மணி மட்டும் இல்லாவிட்டால் நான் எப்போதோ அந்தக் காக்கட்டூக்களோடு சேர்ந்து கம்பியில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் தளத்துக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்தார். ரட்ஜ் என்று பெயர். கடற்கரை ஆள். கஞ்சி போட்ட காலர் மாதிரி ஒரு குரல். ஒரு நாள் ஆறு மணிக்குக் காற்றை எங்களிடம் விடுவதற்குப் பதிலாக ஓர் அறிவிப்பை வாசித்தார். மாலை உரையாடல் நேரத்தை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகக் குழுவிடம் அவர் சொல்லப்போகிறாராம். குதிரைப் பந்தய வாரத்தில் எல்லாப் பண்ணையும் ஒன்றுகூடும்போது குழு முடிவெடுக்குமாம்.

"காரணம் உங்க எல்லாருக்கும் தெரியும். ஓவர்" என்றார்.

தெரியும்தான். காரணத்தின் பெயர் ஹாரி பிளெங்கின். முரட்டுக் குதிரைகளைப் பழக்குகிறவன். போன கோடையில் தனியாக ஒரு பட்டியில் வேலை செய்தபோது குதிரை அவனைக் கம்பத்தோடு நசுக்கியது. உடைந்த காலோடு கொட்டகைக்குத் தவழ்ந்து போய், அங்கிருந்த சின்னப் பெட்டியில் டாக்டரைக் கூப்பிட்டான். அது ஆறு மணிக்கு மேல். வலுவில்லாத பெட்டி. எங்கள் காற்றில் வலுத்த குரல்தான் நிற்கும், மெலிந்தது அடியில் அமுங்கிவிடும். அன்றைக்கு ஈமு முட்டையில் பஞ்சுக் கேக் போடலாமா கூடாதா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. எல்லோரும் பேசி முடித்து அணைத்த பிறகுதான் தளத்துக்கு ஹாரியின் குரல் கேட்டது. அதற்குள் இருட்டிவிட்டது. டாக்டரின் விமானம் இருட்டில் இறங்க முடியாமல் விடிந்த பிறகுதான் போனது. கால் கோணலாகத்தான் கூடியது. இப்போது அவன் குதிரை ஏறுவதில்லை. ஒரு பண்ணையில் சமையல் செய்கிறான்.

அறிவிப்பைக் கேட்டதும் நான் கொதித்தேன். "கடலோரத்துல உக்காந்துக்கிட்டு இருந்தவனுக்கு என்ன தெரியும்? பொண்டாட்டி பேசறது பிடிக்காதவன் போல இருக்கு. இங்க வந்து நம்ம வாயைக் கட்டப் பாக்கறான்."

கிளெம் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். அவனும் குழுவில் ஒருவன். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, வெர்னா."

"என்ன நியாயம்?"

"ஹாரி காலு."

  அது என் கோபத்தை இன்னும் கிளறியது. அன்று ராத்திரி மாட்டிறைச்சியில் உப்பு அதிகம். வேண்டுமென்றுதான் போட்டேன்.

பந்தய வாரம் வந்தது. வறண்ட ஆற்றங்கரையில் கூடாரங்கள், மரக்கிளை வேய்ந்த பந்தல், தூசிக்கு நடுவே பெண்களின் புதுத் தொப்பிகள். தினமும் பேசுகிற பெண்கள் வருஷத்துக்கு ஒரு முறை நேரில் பார்த்துக்கொள்ளும் இடம் இது. வெளியூர்க்காரர்கள் யாராவது பார்த்தால், அடடா, எப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேசித் தீர்ப்பார்கள் என்று நினைப்பார்கள். நடப்பது வேறு. முகத்தைப் பார்த்ததும் எங்களுக்கு வாய் வராது. போன வருஷம் நான் ஒருத்தியிடம் அவள் கோழிகளுக்கு வந்த சீக்கிலிருந்து மாமியார் புத்திவரை எல்லாம் கேட்டறிந்திருந்தேன். நேரில் பார்த்தபோது, "வெயில் அதிகம் இல்ல?" என்றதைத் தவிர இருவருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

இந்த முறை ஐடா ட்ரெவெனை முதல் தடவையாகப் பார்த்தேன். பிளாக் கல்லிப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒல்லியான பெண், மூக்கெல்லாம் வெயில் புள்ளி. யாபர் நேரத்தில் அவள் குரலை ஒருவரும் கேட்டதில்லை. தலைக்கனம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன், அதை நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

"நீங்கதான் வெர்னாவா?" என்று கேட்டாள்.

அவள் முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் ஆரம்பிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு அசடு மாதிரி நின்றோம். கடைசியில் அவள் சன்னமாக "ஓவர்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, நீயும் நம்ம ஆளுதான்! பின்ன ஏம்மா ஒரு நாள்கூட வாயைத் திறக்க மாட்டேங்கற?"

"இல்லக்கா, நான் தினமும்..." என்று ஆரம்பித்தாள்.

"சரி சரி, கூச்சம். எல்லாருக்கும் இருக்கறதுதான். மூணு நாள் பேசினா நாலாம் நாள் நிறுத்த முடியாது. ரட்ஜ் மட்டும் நிறுத்தாம இருக்கணும், அதுதான் இப்ப கவலை. கூட்டத்துல நான் பேசப்போறேன், நீ பாரு" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனேன். வாய் உள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கடைசிப் பந்தயம் முடிந்ததும் பந்தலில் கூட்டம் கூடியது. நீள மேசைக்குப் பின்னால் குழு ஆட்கள், நடுவே ரட்ஜ். நேரில் பார்த்தால் குட்டையான மனிதர், வெயிலில் தோல் உரிந்த நெற்றி. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் வம்பு. ஹாரியைப் பற்றி மிகையில்லாமல் சொன்னார். "அடுத்த தடவை காலா இருக்காது, உயிரா இருக்கும். அந்தத் தந்தியை வீட்டுக்காரங்களுக்கு வாசிக்கப் போறவன் நான்" என்று முடித்தார். தலைகள் ஆடின. கிளெம் தலையும் ஆடியது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

எழுந்து நின்றேன். எதிரே தொப்பிகள். தொப்பிகளுக்குக் கீழே முகங்கள். எல்லாக் கண்ணும் என்மேல். மாவு டப்பாவைப் பார்த்தே பேசிப் பழகிய வாய் என்னுடையது.  "வந்து..." என்றேன். "அதாவது..." என்றேன். பின்வரிசையில் ஒருவன், "யாபர் ராணிக்கு பேட்டரி இறங்கிருச்சு டோய்!" என்றான். பந்தலே சிரித்தது.

அழுகை வரும்போல் இருந்தது. அழுவேனா நான்? "இருங்கடா, வரேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தேன். ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். மைதான ஓரத்தில் நாலு கால் நட்டு நிறுத்திய தகரக் கூண்டு ஒன்று உண்டு. பந்தயத்தை அறிவிக்கிறவன் அதில் ஏறி நின்று மைக்கில் கத்துவான், கம்பத்தில் ஒலிபெருக்கி. படியேறினேன். அவன் பீரும் கையுமாக இருந்தான். "தள்ளுப்பா" என்றேன். பந்தலுக்கு முதுகைக் காட்டித் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, மைக்கைப் பிடித்துப் பட்டனை அழுத்தினேன். அவ்வளவுதான். தொண்டை திறந்துகொண்டது.

"மின்டரா பேசறேன். எல்லாரும் கேளுங்க. எங்க பேச்சு யாபர்தான், நான் இல்லேங்கல. ஆனா ஆத்துல தண்ணி ஏறுதுன்னு வானிலைக்காரனுக்கு முன்னாடி உங்களுக்குச் சொன்னது யாரு? தபால் லாரி எந்தப் பள்ளத்துல மாட்டியிருக்குன்னு சொன்னது யாரு? சரி, அதை விடுங்க. அதுக்காக நாங்க பேசல. எங்களுக்குப் பேசணும், அதனால பேசறோம். நீங்க மாட்டோட போயிடுவீங்க. வாரக் கணக்கா வரமாட்டீங்க. நாங்க சுவத்தோட பேசறதா? அப்படிப் பேச ஆரம்பிச்ச பொம்பளைங்களை விமானத்துல ஏத்தி அனுப்பினது ஞாபகம் இருக்கா? அந்த ஒரு மணி நேரத்தை எடுத்தா என்னையும் ஒரு நாள் அப்படித்தான் ஏத்தணும். இது மிரட்டல் இல்ல, நெசம். ஹாரி, உன் காலுக்கு என்கிட்ட பதில் இல்லப்பா. ஓவர்."

பட்டனை விட்டேன்.  பிறகு பந்தலுக்குள்ளிருந்து ஹாரியின் கரகரத்த குரல், கூவுகிற மாதிரி வந்தது.

"வெர்னா! கோவம் இருக்கு, இல்லேன்னா பொய். அன்னைக்கு உங்க ஒவ்வொருத்தியையும் திட்டினேன், பேர் சொல்லித் திட்டினேன். ஆனா மயக்கம் வர வர உங்க சண்டைதான் என்னை முழிக்க வெச்சுச்சு. அந்தச் சத்தமும் இல்லேன்னா அங்கயே கண்ணை மூடியிருப்பேன். அது கெடக்கட்டும். ஈமு முட்டைக் கேக்கு எழும்பிச்சா இல்லையா? அதை யாரும் எனக்குச் சொல்லவே இல்ல!"

"எழும்பலப்பா! தோல் செருப்பு மாதிரி இருந்துச்சு!" என்றேன் மைக்கில். சிரிப்பு கிளம்பியது. இந்த முறை என்னைப் பார்த்து இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது கூண்டுப் படி கிரீச்சிட்டது. ஐடா ஏறி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையை நீட்டினாள். என்ன தோன்றியதோ, மைக்கைக் கொடுத்தேன். அவளும் தகரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நான் பிளாக் கல்லி ஐடா. என் குரல் உங்க யாருக்கும் தெரியாது. நான் தினமும் ஆறு மணிக்கு பட்டனை அழுத்தறேன். எங்க பேட்டரி பழசு, அதுக்குக் கரண்டு ஏத்தற காத்தாடியும் ஒடஞ்சு கெடக்கு. நான் பேசறது யாருக்கும் கேக்கல. வெர்னாக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். பிரசவத்துக்கு முன்னாடி பயமா இருந்தப்ப கூப்பிட்டேன். அப்புறம் கூப்பிடறதை விட்டுட்டேன். கேக்கறது மட்டும்தான்." மூச்சு வாங்கினாள். "ரட்ஜ் சார், அந்த நேரத்தை எடுத்துடாதீங்க. எனக்கு இருக்கற ஜனமே அவ்வளவுதான். ஆனா அக்கா, உங்களையும் ஒண்ணு கேக்கறேன். அப்பப்ப வாயை மூடுங்க. ஒரு பாட்டு நேரம் பேசினா, நாலு மூச்சு நேரம் சும்மா இருங்க. உங்க சத்தத்துக்கு அடியில நாங்க இருக்கோம். ஹாரியும் அங்கதான் இருந்தார். ஓவர்."

யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்தால் நான் திருப்பி அறைகிற ஜாதி. இதை எப்படித் திருப்புவது? முதலில் பார்த்தபோது அவள் சொல்ல வந்ததும் இதுதான். அங்கேயும் நான் அவள்மேல் ஏறிப் பேசியிருக்கிறேன், அதுவும் எதிரே நின்றுகொண்டு. வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைக்கனம் யாருக்கு என்று அந்த நாலு பேரிடமும் போய்ச் சொல்ல வேண்டும்.

இருவரும் பந்தலுக்குத் திரும்பியபோது ரட்ஜ் நெற்றித் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "யோசனை சரிதான். கப்பல் ரேடியோவுல அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆனா இவங்களை யாரு சும்மா இருக்க வைக்கறது? என்னால முடியாது."

கிளெம் மெதுவாக எழுந்தான். பொதுவில் அவன் எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

"வெர்னா சொல்லட்டும்" என்றான். "அவ மூடினா மத்தவங்க தானா மூடுவாங்க. பயத்துலயே."

பந்தல் அதிர்ந்தது. ரட்ஜ்கூடச் சிரித்தார். மழைக்காலம் வரை சோதனை, அதற்குள் ஒரு குரல் அமுங்கினாலும் நேரம் ரத்து என்று முடிவானது. கைகள் உயர்ந்தன. கிளெம் கை எல்லாருக்கும் முன்னால் உயர்ந்தது. அதற்காக அவனை மன்னித்தேன், ஆனால் உடனே சொல்லவில்லை.

பண்ணைக்குத் திரும்பிய முதல் மாலை. ஆறு மணிக்கு ரட்ஜ் காற்றை எங்களிடம் விட்டார். பந்தயம், தொப்பி, யார் யாரோடு ஆடினாள் என்று ஒரே இரைச்சல். தேவைக்கு மேலேயே பேசினோம் என்று நினைக்கிறேன், வரப்போகிற மௌனத்துக்குப் பயந்து. பிறகு நான் பட்டனை அழுத்தி, "போதும்டி. எல்லாரும் விரலை எடுங்க" என்றேன்.

விரலை எடுத்தோம். அத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. வெறும் காற்று. எண்ணெயில் ஏதோ மெல்லப் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல். கட்டைவிரல் அரித்தது. கிளெம் வாசலில் வந்து நின்றான். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து நூல்போல ஐடாவின் குரல் வந்தது: "பிளாக் கல்லி. கேக்குதா? ஓவர்." கேட்கிறது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் அதட்டி மறுபடி அடக்கினேன். நாலு மூச்சு இன்னும் முடியவில்லை.

அதன் பிறகு, ஐடாவுக்கும் அடியிலிருந்து, இன்னொன்று வந்தது. யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. வார்த்தை பிடிபடவில்லை. பெண் குரல் என்பது மட்டும் தெரிந்தது.

"அது யாரு?" என்றார் ரட்ஜ். அறிவிப்பு வாசிக்கிற குரலில் இல்லை. "எனக்குச் சரியா கேக்கல. மின்டரா, உங்களுக்குக் கேட்டா நீங்க பதில் சொல்லுங்க. ஓவர்."

காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டேன்.

"...நாய் வேலி முகாம். வினிஃபிரெட். வேலி போடற ஆளுங்களுக்குச் சமைக்கறேன். காலையில வானிலை கேக்கறது எங்க வீட்டுக்காரர், அதனால இங்க ஒரு பொம்பளை இருக்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நானும் ரொம்ப நாளா கூப்பிட்டுப் பாத்தேன். யாராவது இருக்கீங்களா?"

காட்டு நாய்களைத் தடுக்க வேலி போடுகிறவர்களின் அந்த முகாம் எங்கள் பண்ணையின் வடக்கு எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். அவர்கள் போடும் அடுப்புப் புகையைக்கூட ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

பட்டனை அழுத்தினேன். "இருக்கோம் கண்ணு. நல்லாக் கேக்குது. நீ பேசு."

விரலை எடுத்தேன். ஏழு மணி வரை நான் அதைத் திரும்பத் தொடவில்லை.